காவல்: ஒரு சொல் கைமாறிய வரலாறு

1

தமிழில் போலீசுக்குக் 'காவல்துறை' என்ற பெயர் நிலைத்தபோது நம்மில் யாருக்கும் உறுத்தவில்லை. நல்ல தமிழ்ச்சொல் ஒன்று கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு நகர்ந்துவிட்டோம். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் திருப்தி இல்லை. காவல் என்பது அகராதியில் ஆளில்லாமல் கிடந்த சொல் கிடையாது. தென்மாவட்டங்களில் அது ஓர் உரிமையின் பெயர். களத்துமேட்டில் அளந்து வாங்கிய பங்கின் பெயரும் அதுதான். அந்த உரிமையை வைத்திருந்தவர்களிடமிருந்து அதைப் பிடுங்கி, பிடுங்கப்பட்டவர்களையே 'குற்றப்பரம்பரை' என்று எழுதிவைத்து, அதன் பிறகுதான் சொல் அரசாங்கத்திடம் வந்து சேர்ந்தது. ஒரு சொல் கைமாறும்போது அதோடு என்னவெல்லாம் கைமாறுகிறது என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

அரசியல், ஆளுகை, பாதுகாப்பு என்ற மூன்றையும் தனித்தனிப் பாடமாக வைக்காமல் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிறைய வந்திருக்கின்றன. சார்லஸ் டில்லி 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஐரோப்பிய அரசுகளின் உருவாக்கத்தைத் திட்டமிட்ட குற்றச்செயலோடு ஒப்பிட்டார். ஆபத்தைத் தானே உண்டாக்கிவிட்டு அந்த ஆபத்திலிருந்து காப்பாற்றக் காசு கேட்பவனை நாம் ரவுடி என்கிறோம். அரசும் அந்த வகைதான், ஜெயித்த ரவுடி என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். மிஷேல் ஃபூக்கோ 1977-78இல் நிகழ்த்திய சொற்பொழிவுகள் வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. 90களில் நம் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோ என்றால் சிறைச்சாலை, கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தல் என்றுதான் பேச்சு. இந்தச் சொற்பொழிவுகள் முழு நூலாகப் பிரெஞ்சில் வந்ததே 2004இல்தான். நிலப்பரப்பை ஆள்வதிலிருந்து மக்கள்தொகையை ஆள்வதற்கு அதிகாரம் நகர்ந்ததையும், மந்தையின் நலத்துக்குப் பொறுப்பேற்கும் மேய்ப்பனின் அதிகாரத்தையும் அவர் அங்கே விரிவாகப் பேசுகிறார்.

இவர்கள் இருவரையும் மேற்கோள் காட்டிவிட்டு நம்மூர்ச் செய்தி ஒன்றை அதில் பொருத்திக் காட்டுவது சுலபம். அந்த வேலை இங்கே போதுமான அளவு நடந்தாகிவிட்டது. நான் காவலிலிருந்து தொடங்குகிறேன். கோட்பாடு வேண்டிய இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

2

மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையின் சித்திரம் ஒன்று வருகிறது. இருட்டில் திரியும் கள்வர்களும் அவர்களைத் தேடித் திரியும் ஊர்காப்பாளர்களும் அங்கே அடுத்தடுத்து நிற்கிறார்கள். வகுப்பறையில் இதை இயற்கை வர்ணனை மாதிரி நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். கள்வனும் காவலனும் ஒரே இருட்டில் ஒரே திறமையோடு நடமாடுகிறவர்கள் என்ற அறிவு அதில் இருக்கிறது. திருடத் தெரிந்தவனுக்குத்தான் திருட்டைத் தடுக்கத் தெரியும் என்பதை நம் சமூகம் வெகுகாலம் ஒளிக்காமலே வைத்திருந்தது.

சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' ஒரு வரியின் பெயராக வருகிறது. பிற்காலத்தில் புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் ஊரார் தங்கள் பாடிகாவல் உரிமையை ஓர் அரையனுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கு தர ஒப்புக்கொள்வதைப் பார்க்கலாம். நிகோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட புதுக்கோட்டை பற்றிய நூலில் இதை முக்கியமான சான்றாக எடுத்துக்கொள்கிறார். காவல் உரிமையிலிருந்து தலைமை, தலைமையிலிருந்து அரசு என்று ஒரு பாதை அங்கே தெரிகிறது. தொண்டைமான்கள் கள்ளர் சாதியினர். அவர்களுடைய சமஸ்தானம் 1948 வரை நீடித்தது. அதே கள்ளர் என்ற பெயரைத் தாங்கிய பிறமலைக் கள்ளர்கள் மதுரைக்கு மேற்கே குற்றப்பரம்பரை ஆனார்கள். ஒரு பக்கம் மகாராஜா, இன்னொரு பக்கம் கைரேகை. இரண்டுக்கும் இடையில் இருந்தது குணபேதம் இல்லை. கம்பெனியோடு யார் எப்போது எந்த உறவில் இருந்தார்கள் என்பதுதான்.

பாளையக்காரர் காலத்தில் காவல் இரண்டடுக்காக இருந்தது. ஒரு ஊருக்கான காவல் தலங்காவல். பெரிய வட்டாரத்துக்கும் பாதைகளுக்கும் பாளையக்காரர் பொறுப்பேற்பது திசைகாவல். களவுபோனால் காவல்காரன் மீட்டுத்தர வேண்டும், இல்லையென்றால் ஈடுகட்ட வேண்டும். இதுதான் ஒப்பந்தம். இன்றைய போலீசிடம் நாம் எதிர்பார்க்கவே முடியாத ஒரு பொறுப்பு அதில் இருந்தது என்பதை ஒத்துக்கொண்டாக வேண்டும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காவல்கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். போன மாட்டைத் திரும்பப் பெற இடையாள் ஒருவர் மூலம் 'துப்புக்கூலி' கட்ட வேண்டும். துப்புச் சொல்கிறவர், மாட்டை மறைத்துவைத்தவர், காவலுக்கு இருந்தவர் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். டில்லி ஐரோப்பிய அரசர்களைப் பற்றிச் சொன்னதை மதுரைச் சீமைச் சம்சாரி ஒருவரிடம் போய்ச் சொல்லியிருந்தால், 'இதைச் சொல்லவா இம்மாந் தூரம் வந்தீங்க' என்று கேட்டிருப்பார். காவல் கொஞ்சம் பாதுகாப்பு, கொஞ்சம் மிரட்டல். இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. 'அந்தக் காலத்தில் காவல் தர்மமாக நடந்தது' என்று கண்கலங்கும் நம் நண்பர்கள் இந்தத் துப்புக்கூலியை மறந்துவிடுகிறார்கள்.

3

கம்பெனி இந்த மிரட்டலை ஒழிக்க வந்தது என்று பழைய கெஜட்டியர்கள் சொல்லும். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801இல் திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்ட கதையை நாம் வீரக்கதையாக மட்டுமே படித்திருக்கிறோம். அதே ஆண்டுகளில் கலெக்டர் லஷிங்டன் திசைகாவல், தலங்காவல் கூலிகளைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். கம்பெனிக்குத் தலைவலி கொடுத்தது பாளையக்காரரின் வாள் மட்டுமில்லை. வரி வாங்கும் இடத்தில் இன்னொருவன் கூலி வாங்குவதுதான் பெரிய பிரச்சினை. சம்சாரியின் களத்தில் இரண்டு கைகள் நீள முடியாது. பாளையங்களை அடக்கிய கையோடு திசைகாவல் கூலியும் கம்பெனியின் கணக்குக்குப் போனது. கூலி கம்பெனிக்கு வந்துவிட்டது. காவல் வந்ததா? வரவில்லை.

1816இன் ஒழுங்குவிதிகள் போலீஸ் அதிகாரத்தைத் தாசில்தாரிடம் கொடுத்தன. வரி வசூலிக்கிறவனே போலீஸ். இதன் விளைவு என்ன என்பதற்கு அரசாங்கமே ஒரு சாட்சியம் விட்டுவைத்திருக்கிறது. 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை அது. வரிபாக்கிக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் குடியானவர்கள் வதைக்கப்பட்டதை அந்த அறிக்கை பதிவுசெய்கிறது. விரல்களை நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகிய சொற்கள் ஆங்கில எழுத்தில் அதில் இருக்கின்றன. ஆங்கில அரசாங்க அறிக்கைக்குள் போய் மாட்டிக்கொண்ட தமிழ்ச்சொற்களைத் தொகுத்தாலே ஆளுகையின் வரலாறு ஒன்று கிடைத்துவிடும்.

இந்த அறிக்கையின் பின்னணியில்தான் வரியிலிருந்து போலீசைப் பிரிக்கும் 1859ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் வந்தது. நாம் இன்று பார்க்கும் போலீசின் பிறப்பு அது. டேவிட் ஆர்னால்டு சென்னை மாகாணப் போலீஸ் பற்றி 1986இல் எழுதிய நூல், இந்தப் புதிய போலீஸ் கிராமத்துக்குள் எவ்வளவு மெல்லிசாகப் பரவியிருந்தது என்பதைக் காட்டுகிறது. நகரம், சொத்து, சந்தை, கூட்டம் ஆகியவைதான் அதன் கவலை. கலகம் என்றால் ஆயுதப்படை வந்துவிடும். குடியானவன் வீட்டு மாடு காணாமல் போனால் யாரும் வர மாட்டார்கள். ஆகவே கூலியைப் பறித்த பிறகும் சட்டத்துக்கு வெளியே காவல் தொடர்ந்து நடந்தது. சட்டத்துக்கு வெளியே போனதால் அதன் மிரட்டல் முகம் இன்னும் கூர்மையானது. பொறுப்பு கரைந்து போய் மிரட்டல் மிச்சமானது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் கள்ளர்கள் பற்றிய காலனியப் பிம்பத்தை மறுபரிசீலனை செய்தபோது இந்தக் காவல் முறையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

4

1896இல் திண்டுக்கல் பக்கம் ஒரு விஷயம் நடந்தது. அம்மையப்பக் கோன் என்ற இடையர் சமூகத்தவரின் முன்முயற்சியில் பல ஊர்க் குடியானவர்கள் சேர்ந்து, இனிக் கள்ளர்களுக்குக் காவல் கிடையாது என்று முடிவெடுத்தார்கள். மாடு களவுபோனவர்களுக்கு ஈடுகொடுக்கப் பொதுநிதி ஒன்று திரட்டினார்கள். 'ஃபண்ட்' என்ற ஆங்கிலச் சொல் 'பண்டு' ஆகி, அதுவே இயக்கத்தின் பெயரும் ஆனது. பண்டு ஊர் ஊராகப் பரவியது. கள்ளர்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். வீடுகள் எரிந்தன. அடிதடி நடந்தது. 1906ஆம் ஆண்டு மதுரை கெஜட்டியரிலும் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது.

ஆனந்த் பாண்டியன் 2005இல் இந்த இயக்கம் பற்றி எழுதிய கட்டுரை, நான் படித்த அண்மைக்கால ஆய்வுகளில் முக்கியமானது. அவர் பாதுகாப்பு என்ற சொல்லையே மையமாக எடுத்துக்கொள்கிறார். கிராமத்துக் குடியானவன் பாதுகாக்கப்பட வேண்டிய பிரஜையாகவும், கள்ளன் பிறவியிலேயே திருந்தாத குணமுடையவனாகவும் ஒரே சமயத்தில் வார்க்கப்பட்டதை அங்கே பார்க்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கை வைத்து 2009இல் வந்த அவருடைய நூல் இதை இன்னும் நீட்டிச் செல்கிறது.

எனக்கு இதில் உறைத்த விஷயம் வேறொன்று. பண்டு மேலிருந்து வந்த அரசாங்கத் திட்டம் கிடையாது. காவல்கூலி கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனவர்களின் உண்மையான கோபம் அது. அதே கோபம்தான் ஒரு முழுச்சாதியைக் குற்றவாளி என்று சொல்லும் வாயாகவும் மாறியது. 'காலனிய அரசு கட்டமைத்த சொல்லாடல்' என்று ஒரே வரியில் தீர்த்துவிடுகிற நமக்கு இது சங்கடமான செய்தி. அரசு ஒன்றும் இல்லாததிலிருந்து கட்டுவதில்லை. பக்கத்து ஊர்க்காரனின் பயத்தை எடுத்து, அதற்கு எண் போட்டு, பதிவேடு போட்டு, சட்டம் போட்டுத் திருப்பித் தருகிறது.

5

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவுக்காக வந்தது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்தையும் பிடித்துக்கொண்டது. 1924இல் மறுபடியும் தொகுக்கப்பட்டது. ஒரு சாதியை, கூட்டத்தை, வகுப்பை அரசு அறிவிக்கையில் சேர்த்துவிட்டால் போதும். அந்த அறிவிக்கையைக் கேள்வி கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அறிவிக்கப்பட்டவர்களின் கைரேகை எடுக்கப்படும். குறித்த இடைவெளியில் ஆஜராக வேண்டும், இருப்பிடம் மாறினால் சொல்ல வேண்டும். ஊர்ப்பக்கத்தில் இதற்குப் பெயர் 'ரேகைச் சட்டம்'. சட்டத்தின் பெயரை மக்கள் எப்படி மாற்றினார்கள் பாருங்கள். குற்றம், பரம்பரை என்ற இரண்டு வார்த்தைகளையும் அவர்கள் ஏற்கவில்லை. சட்டம் தங்கள் உடம்பின் எந்த இடத்தைத் தொட்டதோ அதை வைத்தே பெயரிட்டார்கள்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடிய மக்கள் மேல் போலீஸ் சுட்டது. பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். ஜாலியன்வாலாபாக் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது தேசத்தின் நினைவாயிற்று. இது வெகுகாலம் ஒரு சாதியின் நினைவாகவே விடப்பட்டது. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்துக்கு எதிராக நின்றார். அவரை அந்த மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள்.

துப்பாக்கியோடு கதை முடிந்திருந்தால் டில்லியே போதும். அரசாங்கம் அடுத்து ஒரு வேலை செய்தது. கள்ளர் சீரமைப்பு என்று பள்ளிக்கூடங்கள் திறந்தது, கூட்டுறவுச் சங்கம் வைத்தது, விவசாயக் கடன் கொடுத்தது. கைரேகை எடுத்த அதே நிர்வாகம் சிலேட்டும் கொடுத்தது. ஃபூக்கோவின் மேய்ப்பன் இங்கேதான் வருகிறான். அடிப்பதும் வளர்ப்பதும் ஒரே கை. அந்தப் பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அதை ஏளனமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு சமூகத்துக்குக் கல்வி கிடைக்க அது முதலில் குற்றவாளி என்று எழுதப்பட வேண்டியிருந்தது என்பதை மறக்க முடியுமா?

காவலோடு சம்பந்தமே இல்லாதவர்களும் இதே பட்டியலில் சிக்கினார்கள். மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட நூல் கொறவர்களைப் பற்றியது. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் அவர்கள். உப்புக் கொள்கையும் ரயிலும் அவர்கள் பிழைப்பைத் தின்றன. பிழைப்புப் போன பிறகும் அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். நடப்பதே குற்றமாயிற்று. சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியேற்றங்களில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. கள்ளர்களிடம் அரசு பறித்தது போட்டிக் காவலை. கொறவர்களிடம் பறித்தது நடமாட்டத்தை. இரண்டுக்கும் வைத்த பெயர் ஒன்றே: பொதுமக்களின் பாதுகாப்பு.

6

சென்னை மாகாணத்தில் 1947லும் நாடு முழுக்க 1952லும் சட்டம் நீங்கியது. ஆனால் 1948லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் போய் 'பழக்கம்' என்ற சொல் வந்தது. 1982இல் வந்த குண்டர் சட்டமும் ஆட்களை வகை வகையாகப் பிரித்துத்தான் தொடங்குகிறது. சாராயம் காய்ச்சுகிறவர், குண்டர் என்று அன்றைக்கு ஆரம்பித்த பட்டியலில் பின்னால் திருட்டு வீடியோக்காரரும் மணல் திருடுபவரும் சேர்ந்தார்கள். விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, ஒரு வருஷம்வரை உள்ளே வைக்கலாம். செய்த செயலைவிட ஆளின் வகையைப் பார்க்கும் கண் அப்படியே இருக்கிறது.

2024 அக்டோபர் 3ஆம் தேதி, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்றது. சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் குறிப்பதும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனியே வைத்ததை, மோதலைத் தவிர்க்கத்தான் என்று அரசு சொல்ல, முன்பு சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த நியாயத்தையும் இந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. இங்கே அரசு முன்வைத்த காரணமும் பாதுகாப்புதான். சாதியைச் சுவராக எழுப்பிவிட்டு, சுவர் இருப்பதால் சண்டை இல்லை என்று சொல்வதற்குப் பெயர் ஆளுகை.

இதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை எல்லாருக்கும் பிடிக்கும். அரசு கெட்டது, பாதிக்கப்பட்டவர்கள் பாவம் என்று கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம். அப்படி முடிக்க முடியாமல் உசிலம்பட்டி வட்டாரமே குறுக்கே நிற்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் அங்கே அந்தப் பதவி நிலைக்க விடப்படவில்லை. வேட்புமனு போட ஆள் இருக்காது, போட்டு ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். ஆதிக்கச் சாதியினரின் 'ஊர்க்கட்டுப்பாடு' அது. ரேகை வைக்க மாட்டோம் என்று அரசாங்கத்தை எதிர்த்து நின்ற வட்டாரம், இன்னொரு சாதியின் கையொப்பம் ஊர்க் கணக்கில் விழக்கூடாது என்று நின்றது. பெருங்காமநல்லூரை வைத்துப் பாப்பாபட்டியை மறைக்க முடியாது. பாப்பாபட்டியைக் காட்டிப் பெருங்காமநல்லூரை மறுக்கவும் முடியாது.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008இல் வந்தபோது இந்த வரலாறு நாவலாகப் பெருவாசகர்களிடம் போனது. அதன் பிறகு காவல் என்ற சொல்லில் ஒரு வீரவாசனை ஏறியிருக்கிறது. மேடைகளில் அதைச் சாதிப் பெருமையாக மொண்டு குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட நினைவு தன்னை ஒடுக்கிய அதிகாரத்தின் மொழியிலேயே பேச ஆரம்பிக்கும் இடம் இது. 'நாங்கள் காவல் காத்த பரம்பரை' என்னும்போது அரசாங்கம் எழுதிய 'பரம்பரை' என்ற சொல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதன் முன்னொட்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் இனி இது பற்றி ஆராய வருகிற நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. கெஜட்டியரும் போலீஸ் அறிக்கையும் படித்தாகிவிட்டது, கள்ளர் தரப்பு வாய்மொழியும் ஓரளவு சேகரமாகிவிட்டது. அதே ஊர்களின் தலித் தெருக்களில் காவலைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைப் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் காவல்கூலி கொடுத்தவர்களா, காவலுக்கு இரவில் கூடவே நடத்தப்பட்டவர்களா, அல்லது எதெல்லாம் காவல் காக்கப்பட்டதோ அதன் அருகே போகக்கூடாது என்று விலக்கிவைக்கப்பட்டவர்களா? யாருக்குக் காவல், யாரிடமிருந்து காவல், அதற்கு யார் கூலி கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் பாளையக்காரரிடமும் கம்பெனியிடமும் கேட்டுவிட்டோம். ஊரிடம் இன்னும் கேட்கவில்லை. காவல்நிலையங்களைப் பற்றி நாம் எழுதுகிற எதுவும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட முடியாது.